வேலி தாண்டிய புல்

புல் என்றாலே சிறுமை என்று பொருள் கொள்ளும் வழக்கம் தமிழில் நெடுங்காலமாக உண்டு. ஒருவரை மதியாமையைக் குறிக்கப் புல்லாய் எண்ணினான் என்பர். புன்மை என்னும் சொல்லும் இழிவையே சுட்டுகின்றது. ஆயினும் மணமக்களை வாழ்த்தும் பெரியோர், குலம் அறுகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்துகின்றனர். பிள்ளையாருக்கு உகந்த அருச்சனைப் பொருள் அந்த அறுகம்புல்லே. மிதிபட்டும் மடியாமல் கணுவுக்குக் கணு வேரூன்றிப் படரும் அதன் ஆற்றலைக் கண்டே முன்னோர் அதனை வாழ்த்துக்கு உரியதாக்கினர். இகழ்ச்சி, வியப்பு ஆகிய இரண்டுக்கும் புல் உரியது என்பதை அதன் வரலாறும் காட்டுகின்றது.

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் பகுக்கும் முறை இங்கு நினைவுகூரத் தக்கது. உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அந்நூல் பிரிக்கின்றது. அவ்விலக்கணத்தின்படி யாழ்ப்பாணத்து மணலில் வானளாவி நிற்கும் பனையும் புல்லே, தென்னையும் கமுகும் புல்லே, மூங்கிலும் புல்லே. இக்காலத் தாவரவியல் பனையையும் தென்னையையும் தனிக் குடும்பமாக்கி விட்டது. மூங்கிலை மட்டும் புற்குடும்பத்திலேயே வைத்திருக்கின்றது. அக்குடும்பத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நெல், வரகு, சாமை, கரும்பு ஆகியனவும் அவற்றுள் அடங்கும். மனிதன் உண்ணும் உணவிற் பெரும்பகுதி புல்லின் கொடையே.

உணவுக்கும் கூரைக்கும் மாட்டுக்கும் புல்லை வளர்த்த மனிதன், அழகுக்கென்று அதனை வளர்க்கத் தொடங்கியது பிற்காலத்திலேயாகும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் இவ்விருப்பம் பெருகியது. தென்னமெரிக்காவின் பரந்த வெளிகளில் வெண்சாமரை போன்ற கதிர்களை உயர்த்தி நிற்கும் பம்பாசுப் புல்லின் விதைகள், அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள கிளாஸ்நெவின் தாவரவியற் பூங்காவுக்கு வந்து, 1840களில் அங்கே பூத்தன. பின்னர் அப்புல் செல்வர் இல்லங்களின் முற்றங்களை அலங்கரித்தது. 20ஆம் நூற்றாண்டில் செருமனியின் பொற்சுடாம் நகரில் வாழ்ந்த காள் பொசுற்றர் என்னும் தோட்டக்கலைஞர், புற்களும் பன்னங்களும் தோட்டத்தினுள் நுழைந்த வகையைப் பற்றி 1957ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். காற்றில் அசையும் கதிரும், மாலை வெயிலில் ஒளிரும் தாளும் மலருக்கு நிகரான அழகுடையவை என்ற எண்ணம் இவ்வாறு நிலைபெற்றது.

ஆனால் குளிர்நாட்டுத் தோட்டத்திற்கு ஏற்றவை யாவும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டுக்கு ஏற்றவையல்ல. அங்கே நீலச் சாயலுடன் சிறு குத்துக்களாய் நிற்கும் புற்களை இலங்கையின் தாழ்நில ஈர வலயத்தில் நட்டால், இரவிலும் தணியாத வெக்கையால் அவை மெலிந்து, அடர்ந்த மழையால் அடியழுகிப் பங்கசு நோய்க்கு இரையாகும். வெப்ப நாட்டுக்கென்றே அமைந்த புற்கள் வேறு. அவற்றின் இரகசியம் 1966ஆம் ஆண்டளவில் விளங்கலாயிற்று. அவுஸ்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் கரும்பை ஆராய்ந்த ஹட்ச், சிலாக் என்னும் இரு அறிஞர்கள், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பற்றும் வழி பெரும்பாலான தாவரங்களின் வழியினின்றும் வேறுபட்டது என்பதை விளக்கினர். மற்றைத் தாவரங்களில் முதலில் உண்டாவது மூன்று காபன் அணுக்களையுடைய பொருள்; கரும்பிலோ நான்கு காபன் அணுக்களையுடைய பொருள். இவ்வழியைக் கொண்ட புற்கள் கடும் வெயிலிலும் சோராமல், குறைந்த நீரைச் செலவிட்டு விரைந்து வளர்கின்றன. கரும்பு, வெட்டிவேர், எலுமிச்சைப்புல், கினிப்புல், இலுக்கு ஆகிய யாவும் இவ்வகையின. வெப்ப நாட்டுத் தோட்டக்காரருக்கு இஃது ஒரு பெரும் வரம். அவ்வரத்தின் மறுபுறம் எது என்பதை வரலாறு பின்னர் காட்டியது.

இலங்கையில் வெளிநாட்டுத் தாவரங்கள் ஒழுங்கான முறையில் வந்து சேர்ந்த வாயில் தாவரவியற் பூங்காவாகும். ஆங்கிலேயர் 1810ஆம் ஆண்டில் கொழும்பிலே ஒரு பூங்காவைத் தொடங்கினர். அது 1813ஆம் ஆண்டில் களுத்துறைக்கு மாறியது. கண்டி இராச்சியம் வீழ்ந்து ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 1821ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் மூன் என்பவர் மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனையில் இன்றைய பூங்காவை நிறுவினார். கறுவாவும் கோப்பியும் ஒருபுறமிருக்க, உலகின் பல திசைகளிலிருந்தும் அழகுச் செடிகளும் அங்கே வந்து குவிந்தன. ஹென்றி டிரைமன் எழுதத் தொடங்கிய இலங்கைத் தாவர நூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. டிரைமன் 1896ஆம் ஆண்டில் மறைந்தமையால், புற்களை விரிவாக விளக்கும் இறுதிப் பகுதியை ஜோசப் ஹூக்கர் என்னும் பேரறிஞர் முடித்து வைத்தார். சிறியவையென இகழப்பட்ட புற்களுக்கு அறிஞர் செய்த மரியாதை அது.

பேராதனைக்கு வந்த புற்களுள் அனைவர் கண்ணையும் கவர்ந்தது பெருமூங்கில். பர்மாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொண்டுவரப்பட்ட இம்மூங்கில் ஆற்றங்கரையிலே பெருங்குத்துக்களாக வளர்ந்து நிற்கின்றது. நூறடி உயரத்தை எட்டும் இதன் புதிய முளைகள் மழைக்காலத்தில் ஒரு நாளிலே ஓரடியளவு உயர்வதுண்டு. காலையில் கண்ட முளையை மறுநாட் காலையில் காண்பவர், அது வேறொரு முளையோ என ஐயுறுவர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேராதனைக்கு வருவோர் இதனை அண்ணாந்து பார்த்துச் செல்கின்றனர்.

இந்தப் பேருருவம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓரிடத்திலேயே அடங்கியிருந்ததுதான் உண்மையில் வியப்புக்குரியது. பெருமூங்கிலின் அடித்தண்டு நீண்டு ஓடுவதில்லை. புதிய முளை பழைய தண்டை ஒட்டியே எழுகின்றது. ஆதலால் குத்து ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பருக்கின்றதேயன்றி, அயலிடத்தைத் தாவிப் பிடிப்பதில்லை. பூப்பதும் பல்லாண்டுகளுக்கு ஒருமுறையே. விதை அரிது, ஓட்டமும் இல்லை. உருவிற் பெரிதாயினும் நடையில் அடக்கமுடையது இப்புல்.

இதே அடக்கம் வெட்டிவேரிடமும் உண்டு. ஐரோப்பிய மொழிகள் இப்புல்லுக்குரிய பெயரைத் தமிழிலிருந்தே பெற்றன. வெட்டி எடுக்கும் வேர் என்பதே அப்பெயரின் பொருள். நறுமணத்துக்காகவும், கோடையில் நனைத்துத் தொங்கவிடும் தட்டிக்காகவும் தமிழர் இதனைப் பேணினர். கன்னட நாட்டு உழவர் வயலின் எல்லையைக் குறிக்க இதனை வரிசையாக நட்டனர். பிற்காலத்தில் பீஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் மண்ணரிப்பைத் தடுக்க இது பயன்பட்டது. 1980களில் உலக வங்கியின் வல்லுநர்கள் இதனைப் பல நாடுகளுக்கும் பரிந்துரைத்தனர். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் இப்புல்லைப் பற்றித் தனி அறிக்கையொன்றை வெளியிட்டது. பத்தடிக்கு மேல் நேர்கீழாக இறங்கும் வேரும், நெருங்கி நின்று வெள்ளத்தின் வேகத்தை உடைக்கும் தாளும் இதன் வலிமைகள். தென்னிந்திய வகை பெரும்பாலும் முளைக்கக்கூடிய விதையைத் தருவதில்லை என்பதும் அதனைப் பிற நாடுகளுக்குத் துணிந்து பரிந்துரைத்ததற்கு ஒரு முக்கிய காரணம். நட்ட கை பிரித்து நட்டாலன்றி அது பரவாது.

வாசனைப் புற்களுள் இலங்கை உலகுக்கு அளித்த மற்றொன்று சிற்றனெல்லாப் புல். மாத்தறைப் பக்கத்து மலைச்சாரல்களில் இதனைப் பயிரிட்டுத் தைலம் வடித்தனர். இலங்கையிலிருந்து யாவாவுக்குச் சென்ற இதன் உயர்ந்த வகை, அங்கே செழித்து, பின்னர் இலங்கைத் தைலத்துக்கே போட்டியாயிற்று. இலங்கையில் தைலம் வடித்த விண்டர் என்பவரின் பெயரையே தாவரவியலார் அவ்வகைக்குச் சூட்டியுள்ளனர். புல் கடல் கடக்கும். ஆனால் இப்புல்லுக்கும் மனிதன் தோணி விடவேண்டியிருந்தது.

மனிதன் தோணி விட்ட பின், அவன் உதவியை வேண்டாது தானே நடந்து சென்ற புற்களின் வரலாறு வேறு. அவற்றுள் முதன்மையானது கினிப்புல். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இது, 18ஆம் நூற்றாண்டில் பறவைத் தீனியாக ஜமெய்க்காவுக்குச் சென்று, எறியப்பட்ட விதையிலிருந்து முளைத்தது என்று அத்தீவின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மாடுகள் அதனை விரும்பித் தின்றதைக் கண்டு வெப்ப நாடுகள் பலவும் அதனை வரவழைத்தன. இலங்கைக்கும் அது 19ஆம் நூற்றாண்டிலே தீவனப் புல்லாக வந்து சேர்ந்தது. ஆளுயரம் வளரும் அதன் மென்மையான கதிர் ஆயிரக்கணக்கில் நுண்விதைகளை உதிர்க்கும். இன்று தெருவோரம், கைவிட்ட காணி, தென்னந்தோப்பு, காட்டோரம் என எங்கும் அது நிற்கின்றது. நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலிலும் அதன் பெயர் உண்டு. ஆயினும் அதனை முற்றாகப் பழிப்பதும் நேர்மையன்று. 1972ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்ட உடவளவையில் யானைகள் உண்ணும் உணவில் அதற்கும் பங்குண்டு. மாடு வளர்ப்போருக்கு அது இன்றும் உதவுகின்றது. தீவனமாக அது நன்று. அரிதான காட்டுச் செடிகள் வளரும் இடத்தில் அது தீது. இடமே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றது.

அழகுக்காக வந்த செடிகள் அடங்காமற் போன அனுபவமும் இலங்கைக்குப் புதிதன்று. உண்ணிச்செடி எனப்படும் இலந்தானா 1826ஆம் ஆண்டில் பேராதனைக்கு அழகுச் செடியாக வந்து, பின்னர் தீவெங்கும் பற்றையாய்ப் படர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊதாப்பூவின் அழகுக்காகக் கொழும்பிலே வளர்க்கப்பட்ட ஆகாயத்தாமரை சில ஆண்டுகளுக்குள்ளேயே நீர்நிலைகளை மூடியமையால், 1909ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. ஒரு பூவை எதிர்த்து அரசு சட்டமியற்றும் நிலை, தோட்டக்காரர் ஒருவர் தம் குளத்தைத் தாண்டி நோக்காததால் வந்தது.

புற்களின் வரலாற்றில் இதற்கு நிகரான பாடங்கள் இரண்டு உண்டு. ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கரையைச் சேர்ந்தது. மெக்சிக்கோ வளைகுடாவை அண்டிய அப்பகுதி இலங்கையின் ஈர வலயத்தைப் போன்று வெக்கையும் புழுக்கமும் மிகுந்தது. 1912ஆம் ஆண்டளவில் யப்பானிலிருந்து தோடைக் கன்றுகள் அடங்கிய பெட்டிகள் அலபாமா மாநிலத்திலுள்ள கிராண்ட் பே என்னும் ஊருக்கு வந்தன. கன்றுகள் நசுங்காதிருக்கப் பெட்டிகளில் திணித்திருந்த புல் இலுக்காகும். கன்றை நட்டவர்கள் புல்லை எறிந்தனர். எறிந்த புல் வேர்கொண்டது. 1921ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தார் அதே புல்லைத் தீவனமாகுமென நம்பிப் பிலிப்பைன் தீவுகளிலிருந்து வேண்டியே வரவழைத்தனர். ஆனால் அதன் முதிர்ந்த இலையை மாடு விரும்பவில்லை. ஊசிபோற் கூர்மையான அதன் வேர்த்தண்டுக்கிழங்கு நிலத்தடியில் ஓடி, தீயிட்டாலும் மடியாமல் மீண்டும் துளிர்த்தது. இலுக்கை வெட்டிக் களைத்த இலங்கை உழவருக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

அக்கதை அத்துடன் முடியவில்லை. இலுக்கின் ஒரு வகை குருதிச் சிவப்பான நுனியுடைய இலைகளைக் கொண்டது. கண்ணைப் பறிக்கும் அழகுடைய அவ்வகையை நாற்றுமேடைகளில் விலைக்கு விற்றனர். ஒருபுறம் பச்சை இலுக்கை அழிக்க அரசு பொருள் செலவிட, மறுபுறம் சிவப்பு இலுக்கை மக்கள் பணம் கொடுத்து வாங்கினர். சிவப்பு நிறம் சிலவேளைகளில் பச்சைக்குத் திரும்பி, மூதாதையரின் வேகத்தையும் பெற்றுவிடும் என்பது அறியப்பட்ட பின்னர், தென்மாநிலங்கள் சிலவற்றில் அதன் விற்பனை தடுக்கப்பட்டது. நிறம் மாறினும் பிறவிக்குணம் மாறுவதில்லை.

இரண்டாவது பாடம் ஹவாய்த் தீவுகளினது, துயரம் மிக்கது. வட ஆபிரிக்காவைச் சேர்ந்த நீரூற்றுப் புல் என்பது, நீரூற்றுப் பீறிட்டு வளைந்து விழுவதுபோல் கதிர்களைத் தாழ்த்தி நிற்கும் எழிலுடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்ட அது, காற்றில் பறக்கும் விதையால் தோட்டத்தை விட்டு நீங்கி, பெருந்தீவின் வறண்ட மேற்குச் சரிவுகளிலுள்ள எரிமலைப் பாறைகளை மூடியது. அங்கே முன்னர் செடிகள் இடைவெளிவிட்டு வளர்ந்தன. தீப்பிடித்தாலும் அடுத்த செடிக்குத் தாவ வழியில்லை. புல் அந்த இடைவெளியை நிரப்பியது. தீயில் நாட்டு மரங்கள் மடிந்தன. புல்லோ முதல் மழைக்கே துளிர்த்தது. ஒவ்வொரு தீயும் அடுத்த தீக்கு வேண்டிய விறகைப் பெருக்கியது. புல் தீயை வளர்க்க, தீ புல்லை வளர்க்கும் இச்சுழற்சியை 1992ஆம் ஆண்டில் தந்தோனியோ, விற்றூசெக் என்னும் இரு அறிஞர்கள் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினர்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் மாவுயித் தீவிலுள்ள லகைனா நகரம் எரிந்தது. குறைந்தது 102 பேர் உயிரிழந்தனர். புல் அத்தீயை மூட்டவில்லை. முறிந்து விழுந்த மின்கம்பிகளும் சூறாவளி போன்ற காற்றும் அதற்குக் காரணமாயின. ஆனால் கரும்புச் செய்கை கைவிடப்பட்ட நிலங்களில் உழுவாரும் மேய்ப்பாரும் இன்றி உயர்ந்து காய்ந்திருந்த கினிப்புல் முதலான அயற்புற்கள் அத்தீக்கு உணவாயின. தீவனமாக வந்த புல்லும் அழகுக்காக வந்த புல்லும், காப்பவர் இல்லாத நிலத்தில் ஒன்றே என்பதை அந்நாள் உணர்த்தியது. நீரூற்றுப் புல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டிலேயே தன் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது.

இவற்றைக் கற்றவர் புல்லையே வெறுத்தல் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. வெப்பமும் ஈரமும் மிக்க தோட்டத்தில் மலர்ச்செடிகள் பல சோரும்போது, புல்லே நிறமும் அசைவும் நிழலும் தருவது. தெரிவு செய்யும் முறையில் மூன்று வினாக்களை முன்வைத்தாற் போதும். இப்புல் முளைக்கும் விதையை உதிர்க்குமா? இதன் அடித்தண்டு நிலத்தடியில் ஓடுமா, அன்றிக் குத்தாகவே நிற்குமா? வெயிற்காலத்தில் இது காய்ந்து சருகாய் நிற்குமா? மூன்றுக்கும் தகுந்த விடை தரும் புற்கள் அரியன அல்ல. வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் குத்தாக நிற்பவை. எலுமிச்சைப்புல் பூப்பதே அரிது. நீரூற்றுப் புல்லின் ஊதாநிற வகை பெரும்பாலும் மலட்டு வகையே. எனினும் அதன் இனத்தாரின் வரலாற்றை நினைந்து, கதிர் முதிருமுன் வெட்டுவது நலம்.

வளர்க்கும் முறையும் கடினமானதன்று. நீர் தேங்காதவாறு மண்ணை மேடாக்கி, குத்துக்கும் குத்துக்கும் இடையே காற்றோடும் வெளிவிட்டு, மழை தொடங்கும் வேளையில் வேருடன் பிரித்த நாற்றை நடவேண்டும். மிகுந்த உரம் இட்டால் தாள் கொழுத்துச் சாயும். ஆகவே அளவே நன்று. ஆண்டுக்கு ஒருமுறை, புதுமழைக்குச் சற்று முன்னர், பழைய தாளை நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்தால், அழுகலும் பூச்சியும் குறைந்து புதுத்துளிர் விரைந்து எழும். நடுப்பகுதி வெறிதாகிப்போன முதிய குத்தைப் பெயர்த்து, ஓரத்து இளந்தாள்களை மட்டும் மீண்டும் நடுதல் வேண்டும். அறுத்த தாளை வேலிக்கு வெளியே எறியாமல், தோட்டத்திலேயே செடிகளின் அடிக்கு மூடாக்காக இடவேண்டும். அலபாமாவில் எறிந்த ஒரு பிடிப் புல்லை இங்கு நினைவில் வைத்திருத்தல் தகும்.

தோட்டம் என்பது வேலிக்கு உட்பட்டது என்று மனிதன் கருதுகின்றான். காற்றுக்கும் நீருக்கும் பறவைக்கும் அந்த வேலி தெரியாது. பேராதனை ஆற்றங்கரையிலே ஒரு புல் நூறடி உயர்ந்தும் தன் இடத்தைக் கடக்கவில்லை. ஹவாயின் கரும்பாறைகளில் முழங்காலளவு புல்லொன்று ஒரு மலைச்சரிவையே கைக்கொண்டது. உயரத்தைக் கண்டு அஞ்சுவதும், எழிலைக் கண்டு மயங்குவதும் புல்லை அறிந்தவர் செயலாகா. அது எவ்வழியிற் பரவும் என்று கேட்டறிந்து நடுபவரே, தம் தோட்டத்துக்கும் அயலவர் காணிக்கும் நாட்டுக்கும் ஒருங்கே நன்மை செய்தவராவர்.